ஸாய்ட்டார்ப்: சேராத கப்பலும் கரையில் வளர்ந்த கதையும்

1712 ஏப்ரல் 22 அன்று, ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையிலிருந்து கொக்கெங்கே, ஸாய்ட்டார்ப் என்னும் இரண்டு டச்சு வணிகக் கப்பல்கள் பத்தாவியாவுக்குப் புறப்பட்டன. இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாதான் அப்போது ஆசியாவெங்கும் வணிகம் நடத்திய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆசியத் தலைமையிடம். கொக்கெங்கே ஜூலை மாதத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது. ஸாய்ட்டார்ப் சேரவில்லை, அதில் ஏறியவர்களில் ஒருவர்கூடத் திரும்பிவந்து நடந்ததைச் சொல்லவும் இல்லை. சாட்சி சொல்ல ஆளில்லாத அந்த வெற்றிடத்தில், இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஒரு கதை வேர்பிடித்தது. கப்பல் உடைந்தபின் பிழைத்துக் கரையேறிய டச்சு மாலுமிகள் மேற்கு ஆஸ்திரேலியத் தொல்குடி மக்களோடு கலந்து வாழ்ந்தார்கள், அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள் என்பதே அது. கேட்பதற்கு உள்ளம் கனியும் கதைதான். ஆனால் இதில் சான்றுள்ளது எது, ஆசையால் சேர்ந்தது எது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும். ஏனெனில், இக்கதையின் பெயரால் தொல்குடி மக்களுக்கு உரிய பெருமை கரையேறிய அந்நியர்களின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

தொலைந்துபோன டச்சுக் கப்பல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ‘பறக்கும் டச்சுக்காரன்’ என்ற பேய்க்கப்பல். நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே தீருவேன் என்று புயலின் நடுவே சூளுரைத்த தலைவன் ஒருவனின் கப்பல் கரைகாணாமல் காலமெல்லாம் அலைகிறது என்னும் அக்கதை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அச்சில் தென்படுகிறது. இன்ன கப்பல் என்று சுட்டிக்காட்டும்படி அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. ஸாய்ட்டார்ப் அப்படியன்று. அதற்குக் கட்டிய ஊர் உண்டு, கம்பெனிக் கணக்கேடுகளில் பதிவு உண்டு, ஏற்றிய வெள்ளிக்குத் தொகை உண்டு, கடலடியில் கிடக்கும் பீரங்கிகளும் நங்கூரங்களும் உண்டு. ஆகவே இதன் கதையை உரசிப் பார்க்க உரைகல் நம் கையில் இருக்கிறது.

நெதர்லாந்தின் ஸேலாந்து மாகாணத்திலுள்ள மிடில்பர்க் நகரில் 1701இல் கட்டப்பட்ட கப்பல் இது. 1711 ஆகஸ்டு 1 அன்று, மரீனுஸ் வைஸ்விலீட் என்பவரின் தலைமையில், பெல்விலீட் என்ற மற்றொரு கப்பலோடு சேர்ந்து தாய்நாட்டுக் கரையை விட்டுப் புறப்பட்டது. வழக்கமாக நான்கைந்து மாதங்களில் முடிய வேண்டிய நன்னம்பிக்கை முனைவரையிலான பயணம் இம்முறை ஏறத்தாழ எட்டு மாதங்கள் இழுத்தது. கினி வளைகுடாப் பக்கம் காற்று அடங்கிய கடலில் கப்பல்கள் சிக்கிக்கொண்டன. குடிநீரும் பசுங்காய்களும் தீர்ந்தன. காய்ச்சலும் ஸ்கர்வி நோயும் பரவின. 1712 மார்ச் 23 அன்று முனையை எட்டியபோது, புறப்பட்ட 286 பேரில் 112 பேர் இறந்திருந்தார்கள். ஒரு மாதம் அங்கே தங்கி, இறந்தவர்களுக்கு ஈடாகப் புதிய ஆட்களை ஏற்றிக்கொண்டுதான் ஸாய்ட்டார்ப் தன் கடைசிப் பயணத்தைத் தொடங்கியது. முனையில் ஏறிய இப்புதியவர்களைப் பற்றிய குறிப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் எழுந்த கோட்பாடொன்று அவர்கள்மீதே நின்றது.

கப்பலில் இருந்த விலைமதிப்புள்ள சரக்கு வெள்ளி. டச்சுப் பணமான கில்டரில் ஏறத்தாழ 2,50,000 மதிப்புள்ள நாணயங்கள் அதில் ஏற்றப்பட்டிருந்தன. ஐரோப்பியச் சரக்குகளுக்கு ஆசியச் சந்தைகளில் பெரிய வரவேற்பு இல்லாததால், கம்பெனியின் வணிகமே ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளியின்மேல்தான் ஓடியது. சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஒல்லாந்தர் பொன்னும் வெள்ளியும் கொடுத்துத் துணி வாங்கி, அந்தத் துணியைக் கிழக்கே கொண்டுபோய் மசாலாப் பொருள்களுக்கு மாற்றினார்கள் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். ஒரு கப்பல் தொலைந்தால் மனிதர்களோடு சேர்ந்து அந்த வணிகச் சங்கிலியின் ஒரு கண்ணியும் கழன்று விழுந்தது. அப்படியிருந்தும் கம்பெனி இக்கப்பலைத் தேடவில்லை. ஏன் என்பதை அறிய, கப்பல் போன வழியைப் பார்க்க வேண்டும்.

1611இல் ஹென்ட்ரிக் பிரௌவர் என்னும் டச்சுத் தலைவர் ஆசியாவுக்கு ஒரு புதிய வழியைச் செய்துகாட்டினார். முனையைத் தாண்டியதும் வடகிழக்காகத் திரும்பாமல், தெற்கே இறங்கி, ஓயாமல் வீசும் மேற்குக் காற்றைப் பிடித்து நேர்கிழக்காக ஓடி, போதுமான தூரம் வந்தபின் வடக்கே திரும்பி ஜாவாவை அடைவது அவ்வழி. பயண நேரம் பல மாதங்கள் குறைந்ததால், சில ஆண்டுகளிலேயே கம்பெனி இதைத் தன் கப்பல்களுக்குக் கட்டாயமாக்கியது. ஆனால் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. வடக்கே திரும்ப வேண்டிய இடம் எது என்பது தீர்க்கரேகையைப் பொறுத்தது. சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகையைக் கணிக்க அன்றைய மாலுமிகளால் முடிந்தது. தீர்க்கரேகையைக் கணிக்கத் தக்க கடிகாரமோ கணக்குமுறையோ அவர்களிடம் இல்லை. கப்பலின் வேகத்தையும் சென்ற நேரத்தையும் பெருக்கி, நீரோட்டத்தை அனுமானித்து, இவ்வளவு தூரம் வந்திருப்போம் என்று மதிப்பிடுவதே ஒரே வழி. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும் ஓட்டத்தில் அந்த மதிப்பீடு சிறிது பிசகினாலும், திரும்ப வேண்டிய இடத்தைக் கப்பல் கடந்து, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைமீது போய் நிற்கும். 1616இல் டிர்க் ஹார்ட்டொக் என்னும் டச்சுக் கப்பல் தலைவர் அக்கரையில் இறங்க நேர்ந்ததும் இப்படித்தான்.

எல்லாருக்கும் அவ்வளவு நல்லூழ் வாய்க்கவில்லை. 1629இல் ‘பத்தாவியா’ என்ற கப்பலும், 1656இல் ‘ஃபெர்ஹுல்டே டிராக்’கும், 1712இல் ஸாய்ட்டார்ப்பும், 1727இல் ‘ஸேவைக்’கும் அக்கரையிலும் அதையடுத்த தீவுகளிலும் மோதி உடைந்தன. இவற்றுள் ஸாய்ட்டார்ப் ஒன்றிலிருந்துதான் பத்தாவியாவுக்கு ஒரு செய்தியும் போகவில்லை. ஸேவைக்கிலிருந்து தப்பியவர்கள் உடைந்த மரங்களைக் கொண்டே ஒரு சிறு கப்பலைக் கட்டி ஊர்போய்ச் சேர்ந்தார்கள். தாழ்ந்த தீவுகளின் மறைவில் அவர்களுக்கு அது முடிந்தது. ஸாய்ட்டார்ப் மோதியதோ கல்பாரிக்கும் ஷார்க் விரிகுடாவுக்கும் இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர்போல எழுந்து நிற்கும் செங்குத்துப் பாறைக்கரையின் அடியில். தென்னரைக்கோளத்தில் குளிர்காலம் தொடங்கும் பருவம் அது. காற்று கரையை நோக்கித் தள்ளும்போது பாய்க்கப்பலுக்கு விலகிப்போக இடமில்லை. சிறு படகை இறக்குவதற்கும் அங்கே அடங்கிய நீர் கிடையாது.

கம்பெனியின் மௌனத்துக்கு வருவோம். 1656இல் தொலைந்த கப்பலிலிருந்து 68 பேர் கரையில் தவிப்பதாகச் செய்தி வந்தபோது, கம்பெனி அடுத்தடுத்துக் கப்பல்களை அனுப்பித் தேடியது. தவித்தவர்கள் கிடைக்கவில்லை, தேடப்போனவர்களிலும் சிலர் மடிந்தார்கள். 1694இல் நன்னம்பிக்கை முனையை விட்டுப் புறப்பட்ட ‘ரிட்டர்ஸ்கப் வான் ஹோலந்து’ காணாமற்போனபின், 1696இல் வில்லெம் டெ ஃபிலாமிங் என்னும் கப்பல் தலைவர் மூன்று கப்பல்களோடு அனுப்பப்பட்டார். அவர் ஸ்வான் ஆற்றில் கருநிற அன்னங்களைக் கண்டார், கரையை வரைபடமாக்கினார். தேடிய கப்பலின் தடயம் எதையும் காணவில்லை. 1712இல் வேறொரு கப்பல் வரவில்லை என்றதும், எங்கே போய்த் தேடுவது என்ற குறிப்புகூட இல்லாத நிலையில், இன்னொரு செலவை மேற்கொள்ளக் கம்பெனிக்கு மனமிருந்திருக்காது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளில் ஆசியாவை நோக்கி 4,700 பயணங்களுக்கு மேல் நடத்திய நிறுவனத்துக்கு இழப்பு என்பது கணக்கில் சேர்ந்த ஒன்று. இருநூறு பேர் போன இடம் தெரியாமல் போனதைக் கணக்கேட்டின் ஒரு வரி மூடிவிட்டது என்பதைப் படிக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

ஆனால் அந்த இடத்தை அறிந்தவர்கள் இருந்தார்கள். பாறைக்கரை நாண்டா, மல்கானா மக்களின் நிலம். பிரிட்டிஷார் பெர்த்தில் குடியேறி ஐந்தே ஆண்டுகளான 1834இல், அவ்வூரை அடுத்து வாழ்ந்த தொல்குடியினர் வடக்கே முப்பது நாள் நடைத்தூரத்தில் ஒரு கப்பல் உடைந்து கிடப்பதாகவும், அக்கரையில் வெள்ளிக் காசுகள் சிதறிக் கிடப்பதாகவும் குடியேறிகளிடம் சொன்னார்கள். அண்மையில் நடந்த விபத்து என்று எண்ணிய அரசு அதிகாரிகள் கப்பலொன்றை அனுப்பித் தேடினார்கள். அது வெறுங்கையோடு திரும்பியது. 122 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைப் பற்றிய செய்தி, பல மொழி பேசும் குழுக்களின் வாய்வழியாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, திசையும் தூரமும் பெரிதும் பிசகாமல் வந்திருக்கிறது. ஐரோப்பியர் அதைப் புரிந்துகொள்ளத் தவறியதற்குக் காரணம், எழுத்தில் இல்லாத நினைவு இவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பதை அவர்களால் எண்ணிப்பார்க்க முடியாமல் போனதுதான் என்று நான் கருதுகிறேன். ஸாய்ட்டார்ப் பற்றிய முதல் நம்பகமான ஆவணமாக அந்த 1834ஆம் ஆண்டுச் செய்தியையே கொள்ள வேண்டும்.

1927இல் டமாலா ஆட்டுப்பண்ணையில் வேலை செய்த டாம் பெப்பர் என்பவர் பாறையடியில் பழம்பொருள்களைக் கண்டதாகப் பதிவாகியிருக்கிறது. காசுகள், புட்டிகள், கப்பலின் பின்புறத்தை அணிசெய்த மரப்பெண் சிற்பம் ஒன்று ஆகியவை அங்கிருந்து கிடைத்தன. பண்ணையில் வாழ்ந்த தொல்குடிக் குடும்பத்தினரும் இக்கண்டுபிடிப்பில் பங்குகொண்டவர்கள். 1954இல் அப்பகுதியில் ஆய்வுக்கு வந்த நிலவியல் அறிஞர் ஃபிலிப் பிளேஃபோர்ட் இதைக் கேள்வியுற்று, அந்த இடத்துக்கே சென்று, பல ஆண்டுகள் இதற்காக உழைத்தார். கப்பலின் பெயரைச் சொன்னவை காசுகள்தாம். அவற்றில் பல 1711இல் மிடில்பர்க் நாணயச்சாலையில் அச்சிடப்பட்டவை. அவ்வகைப் புதுக்காசுகளைச் சுமந்து புறப்பட்டுப் பத்தாவியா போய்ச் சேராத கப்பல் ஸாய்ட்டார்ப் ஒன்றே. 1950களின் இறுதிக்குள் அடையாளம் உறுதியானது. 1964இல் முக்குளிப்பவர்கள் முதன்முறையாகக் கப்பலின் எச்சங்களை நீருக்குள் இறங்கிப் பார்த்தார்கள். ஆண்டில் வெகுசில நாள்களே இறங்க இடந்தரும் கொந்தளிப்பான இடம் அது. பின்னர் இறங்கியவர்கள் கண்ட காட்சியை வெள்ளிக் கம்பளம் என்றே வருணித்தார்கள். காசுகள் அவ்வளவு அடர்த்தியாகக் கடலடியில் ஒட்டிக் கிடந்தன. வருந்தத்தக்க செய்தி என்னவென்றால், மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தார் 1980களில் மீண்டும் முறையாக ஆய்ந்தபோது அந்தக் கம்பளத்தில் பெரும்பகுதி அங்கே இல்லை. இத்தகைய சூறையாடல்களும் சேர்ந்துதான் கப்பல் எச்சங்களைக் காக்கும் சட்டங்களுக்கு வழிவகுத்தன. 1972இல் நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. கம்பெனிக்கு வாரிசான டச்சு அரசு இக்கரையிலுள்ள தன் பழைய கப்பல்களின்மேல் இருந்த உரிமையை ஆஸ்திரேலியாவுக்கு மாற்றிக் கொடுத்தது.

ஆட்கள் பிழைத்தார்களா என்ற கேள்விக்குப் பாறைமுகடு விடை சொல்கிறது. மேலே, கடல் அலை எட்ட வழியே இல்லாத உயரத்தில், புட்டித் துண்டுகள், காசுகள், பீப்பாய் வளையங்கள், பெட்டிகளின் கீல்கள், சுழல் பீரங்கிகளில் வெடிமருந்து அடைக்கும் வெண்கலக் குழாய்கள் ஆகியவை கிடைத்தன. பெரிய தீ எரிந்த இடத்தின் கரியும் அங்கே இருந்தது. பெட்டிகளையும் பீப்பாய்களையும் உடைத்துப் போட்டு எரித்திருக்கிறார்கள். பின்னால் வரக்கூடிய கப்பலுக்கு அடையாளம் காட்ட மூட்டிய தீ அது என்பது பிளேஃபோர்டின் கருத்து. உயிரோடு பாறைமேல் ஏறியவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பொருள்களை மேலே கொண்டுபோக வலுவும் நேரமும் இருந்தன என்பதில் இனி ஐயத்துக்கு இடமில்லை. எத்தனை பேர், எத்தனை நாள் என்பவற்றுக்கு இச்சான்றுகள் எல்லை வகுக்கவில்லை.

அங்கே ஆறு கிடையாது. மழைநீர் தேங்கும் பாறைக்குழிகளும், நிலத்தை அறிந்தவர்கள் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய ஊற்றுகளும்தான் உண்டு. குளிர்கால மழை பெய்யும் சில மாதங்களுக்கு அந்நியர்கள் தாங்களாகவே தாக்குப்பிடித்திருக்கலாம். கோடை வந்தபின், அந்நாட்டு மக்கள் வழிகாட்டாமல் ஒருவர்கூட உயிர்வாழ்ந்திருக்க முடியாது. இந்நிலையில் 1990இல் ஒரு முக்கியமான பொருள் கிடைத்தது. கப்பல் உடைந்த இடத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வடக்கே, வேல் கிணறு எனப்படும் பழைய தொல்குடி நீர்நிலையருகே, நெதர்லாந்தின் லைடன் நகரக் காட்சி பொறித்த பித்தளைப் புகையிலைப் பெட்டியின் மூடி மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. பிழைத்தவர் ஒருவர் அங்கே வரை நடந்து வந்தார் என்று இதைப் படிக்கலாம். பொருளை மட்டும் தொல்குடியினர் கைமாற்றி எடுத்துவந்தார்கள் என்றும் படிக்கலாம். இரண்டுக்கும் இம்மூடி சமமாகவே பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. இருந்தாலும், இரு மக்களுக்கும் இடையே ஏதோ ஒருவகைத் தொடர்பு இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு இதைவிட வலுவான பொருட்சான்று வேறு இல்லை.

கதை இதோடு நின்றிருந்தால் குறையொன்றுமில்லை. அது இரத்தத்தைத் தேடிப் போனது. 1980களின் இறுதியில், ஷார்க் விரிகுடாப் பகுதித் தொல்குடிக் குடும்பமொன்றில் வேரிகேட் போர்ஃபிரியா என்னும் பரம்பரை நோய் காணப்பட்டது. தென்னாப்பிரிக்க வெள்ளையரிடையே அந்நோய் மிகுதி. அங்கே அது 1688இல் முனைக் குடியேற்றத்தில் மணம்புரிந்த ஒரு டச்சு இணையரிடமிருந்து பரவியதாக வம்சாவளி ஆய்வுகள் காட்டியிருந்தன. 1712இல் முனையில் ஸாய்ட்டார்ப்பில் ஏறிய புதியவர்களில் அவ்விணையரின் மகன் ஒருவர் இருந்திருந்தால், நோய் அவர் வழியாக ஆஸ்திரேலியா வந்திருக்கலாம் அல்லவா? வயதுக்கணக்கும் பொருந்தியது. கோட்பாட்டின் அழகில் செய்தித்தாள்கள் மயங்கின. பலர் இதை மெய்ப்பிக்கப்பட்ட உண்மையாகவே எழுதினார்கள். 2002இல் மரபணுவை நேரடியாக ஆராய்ந்து வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியத் தொல்குடி நோயாளிகளிடம் இருந்தது தென்னாப்பிரிக்காவில் பரவிய மரபணு மாற்றம் அன்று. பெயர் ஒன்றே ஆனாலும் தோற்றுவாய் வேறு. அத்தோடு அந்தத் தூண் சரிந்தது. சரிந்தபின்னும் பழைய செய்தி இன்றுவரை மறுபடி மறுபடி எடுத்தெழுதப்படுகிறது.

மற்றத் தூண்களும் இதைவிட உறுதியானவை அல்ல. 1848இல் மர்ச்சிசன் ஆற்றுப் பகுதிக்குச் சென்ற ஏ. சி. கிரிகரி என்னும் நிலஆய்வுப் பயணி வெளிர்நிறத் தோலுடைய சிலரைக் கண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். தோல்நிறமும் பொன்னிற முடியும் கலப்பின் அடையாளம் என்று அன்றைய ஐரோப்பியர் எளிதில் முடிவுகட்டினார்கள். ஆஸ்திரேலியப் பாலைநிலத் தொல்குடிக் குழந்தைகளிடம் பொன்னிற முடி இயல்பாகவே உண்டு என்பது இப்போது நன்கறிந்த ஒன்று. உண்மையிலேயே எங்கேனும் ஐரோப்பியக் கலப்பு நேர்ந்திருந்தாலும், அதை ஸாய்ட்டார்ப்பின் கணக்கில் சேர்க்க வழியில்லை. 1629இல் பத்தாவியாக் கப்பலின் கலகக்காரர் இருவர் தண்டனையாக இதே கரையில் இறக்கிவிடப்பட்டார்கள். 1656இல் 68 பேர் இதே கரையில் மறைந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்காரர்களும் முத்துக் குளிப்பவர்களும் வந்துபோனார்கள். நாண்டா மொழியில் டச்சுச் சொற்கள் மிகுதியாகக் கலந்திருப்பதாகவும் ஒரு வாதம் எழுந்தது. அம்மொழியை முறையாக ஆய்ந்த மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கசப்பாகப் படுவது கிழங்கு வயல்களைப் பற்றிய பேச்சு. 1839இல் ஜார்ஜ் கிரே என்பவர் தன் படகுகள் உடைந்ததால் மர்ச்சிசன் ஆற்றுமுகத்திலிருந்து பெர்த்துக்கு நடந்தே போனார். வழியில் வாரன் எனப்படும் வள்ளிவகைக் கிழங்கு தோண்டிய பரந்த நிலங்களையும், ஆழமான கிணறுகளையும், உறுதியாகக் கட்டிய குடிசைகளையும் கண்டு வியந்து எழுதிவைத்தார். நாடோடிகள் என்று கருதப்பட்ட மக்கள் நிலத்தைப் பேணி, ஆண்டுதோறும் அதே இடத்துக்கு வந்து கிழங்கெடுத்து வாழ்ந்தார்கள் என்பதற்கு நேரில் கண்டவரின் பதிவு அது. பிற்காலத்தில் சிலர் இதற்குக் கொடுத்த விளக்கம், பயிரிடும் வழக்கத்தைக் கரையொதுங்கிய டச்சுக்காரர்கள் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்பது. பசியால் வாடி, நீர் எங்கே கிடைக்கும் என்றுகூட அறியாமல், பெட்டிகளை உடைத்துத் தீமூட்டிக் காத்திருந்த மாலுமிகள், அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு உணவு தேடக் கற்பித்தார்கள் என்பதை எப்படி ஏற்பது? யாராவது யாரையாவது காப்பாற்றியிருந்தால், காப்பாற்றியவர்கள் நாண்டாக்களும் மல்கானாக்களும்தான்.

கப்பல் உடைந்த பகுதி இன்று பாதுகாக்கப்பட்ட இடம். அனுமதியின்றி யாரும் அங்கே இறங்கக் கூடாது. மீட்கப்பட்ட பொருள்கள் ஃபிரீமான்டிலிலும் ஜெரால்ட்டனிலும் உள்ள மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகக் கூடங்களில் பராமரிக்கப்படுகின்றன. கடலடியில் இனி எவ்வளவு தோண்டினாலும் கப்பல் எப்படி மோதியது என்பதைப் பற்றித்தான் கூடுதலாகத் தெரியவரும். பாறையேறியவர்களின் கதி தெரிய வேண்டுமானால், முகட்டிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் பழைய நடைபாதைகளையும் வேல் கிணறு போன்ற நீர்நிலைகளையும்தான் ஆராய வேண்டும். அந்தப் பாதைகள் எவை, அந்த ஊற்றுகள் எங்கே என்பதை அறிந்தவர்கள் அந்நாட்டுத் தொல்குடி மூத்தோர். அவர்களிடம் குருதி மாதிரி கேட்டுப் போன ஆய்வு, இனி வழி கேட்டுப் போக வேண்டியிருக்கிறது.